பச்சை அழியுமா?

எங்களில் ஒருத்தியின் மணிக்கட்டில் ஒரு பெயர் இருக்கிறது. ஏ.எல். முடிந்த கையோடு கல்கிசைக் கடற்கரைப் பக்கம் போய்க் குத்திக்கொண்டு வந்தது. கறுப்பில் பெயர், அதைச் சுற்றிப் பச்சையில் ஒரு சின்னக் கொடி. அந்தப் பெயருக்குரியவர் இப்போது எங்கள் கதைகளில் வருவதில்லை, ஆனபடியால் இங்கேயும் வேண்டாம். போன வருசம் அவள் லேசரால் அதை எடுக்க முடிவு செய்தாள். அவளுக்குத் துணையாகப் போய் வந்த நாங்கள், காத்திருந்த நேரமெல்லாம் வாசித்ததில் இருந்துதான் இந்தக் கட்டுரை.

குத்தியதை அழிக்க நினைப்பது புதுப் பழக்கம் இல்லை. 6ஆம் நூற்றாண்டில் அயேட்டியஸ் என்ற பைசாந்திய வைத்தியர், பச்சை குத்தும் மை செய்வதற்கும் அதை நீக்குவதற்கும் ஒரே நூலில் முறை எழுதி வைத்தார். நீக்கும் முறையில் சுண்ணாம்பு போன்ற அரிக்கும் சாமான்கள். 1888இல் பாரிசில் வாரியோ என்பவர் தனின் அமிலமும் வெள்ளி நைத்திரேற்றும் வைத்து ஒரு முறை சொன்னார். உப்புப் போட்டுத் தேய்ப்பது, தோலைச் சுரண்டுவது, வெட்டித் தைப்பது என்று எல்லாமே அதற்கு மேல் நடந்தன. யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வேலைதான்: குறியை எடுத்துவிட்டுத் தழும்பை வைப்பது.

அப்படியும் அழிக்க வேண்டிய அவசரம் யாருக்கு? அங்கேதான் கதை எங்கள் பக்கம் திரும்புகிறது. 1797இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தச் சட்டம் போட்டது. 'கோத்னா' என்று பெயர். சென்னை மாகாணத்திலும் அது இருந்தது. நெற்றியில் எழுத்தோடு மொரிசியசுக்கும் பினாங்குக்கும் கப்பலேற்றப்பட்டவர்கள் இருந்தார்கள். தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்தவர்கள், முடியை முன்னால் வளர்த்துவிட்டவர்கள் பற்றி வரலாற்றாசிரியர் கிளேர் அண்டர்சன் விரிவாக எழுதியிருக்கிறார். 1849இல் அந்தச் சட்டம் எடுபட்டது. ஆனால் நெற்றியில் ஏற்கெனவே எழுதியதைச் சட்டம் எப்படி எடுக்கும்?

அதே காலத்தில் சனங்கள் தாங்களாக விரும்பியும் பச்சை குத்தினார்கள் என்பதை மறக்கக் கூடாது. சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில், ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய குறவர் பெண்களின் மை பற்றி ஒரு குறிப்பு வருகிறது. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் துணியில் வைத்துத் திரியாக முறுக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புது மண்பானையில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பது. நாலைந்து ஊசியைச் சேர்த்துக் கட்டிக் குத்துவது. வாசித்ததும் நாங்கள் ஆளையாள் பார்த்தோம். ஏனென்றால் எங்கள் தோழியின் அம்மாயிக்கு ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வீடு. அவரின் இரண்டு முன்கையிலும் அந்தப் பச்சை இருக்கிறது. கொழும்புக்கு வந்தால் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொள்வார். "இங்க உள்ளவங்களுக்கு இது தோட்டக்காட்டு வேலை" என்று ஒருமுறை சொன்னார். அதே கொழும்பில் இப்போது காசு கொடுத்து, நம்பர் எடுத்துக் காத்திருந்து குத்திக்கொள்கிறோம். எது நாகரிகம், எது பட்டிக்காடு என்பதை ஊசி தீர்மானிப்பதில்லை போல.

சரி, லேசருக்கு வருவோம். 1960 மே மாதம் மைமன் என்பவர் முதல் லேசரை, ஒரு ரூபி லேசரை, ஒளிரச் செய்தார். சில வருசத்திலேயே சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் வைத்தியர் அதைப் பச்சையில் அடித்துப் பார்த்தார். ஆனால் நீண்ட துடிப்பு பக்கத்துத் தோலையும் சுட்டது. 1983இல் அண்டர்சனும் பரிஷும் 'சயன்ஸ்' இதழில் சொன்ன விசயம் எளிமையானது: நிறத்துணிக்கை மட்டும் உறிஞ்சும் ஒளியை, வெப்பம் வெளியே பரவுமுன் முடிந்துவிடும் அளவுக்குக் குறுகிய நேரம் அடி, சுற்றியுள்ள தோல் தப்பும். பச்சைக்கு அந்த நேரம் நனோசெக்கன்கள். ஒரு செக்கனில் 100 கோடியில் ஒரு பங்கு.

துணிக்கை அந்த இடத்திலேயே மறைந்து போவதில்லை என்பது எங்களுக்கே புதுச் செய்தி. தோலில் உள்ள தின்குழியங்கள் மையை விழுங்கி வைத்திருக்கின்றன. 2018இல் பிரான்சின் மார்சேயில் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று, அந்தக் கலங்கள் செத்தால் விடுபடும் மையைப் புதுக் கலங்கள் மறுபடி விழுங்கிக்கொள்கின்றன என்று காட்டியது. அதனால்தான் குறி நிற்கிறது. லேசர் துணிக்கைகளைச் சிறிதாக உடைக்கிறது, உடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிணநீர் வழியே கொண்டுபோகிறது. ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் ஆறு, எட்டுக் கிழமை இடைவெளி விடுவதும் அதற்காகத்தான்.

கறுப்பு மை எல்லா அலைநீளத்தையும் உறிஞ்சும், ஆகவே இலகுவாக உடையும். அம்மாயியின் விளக்குக்கரி லேசருக்கு நல்ல இரை. தோழியின் பச்சைக் கொடிதான் பிரச்சினை. அதற்கு ரூபி, அலெக்சாண்ட்ரைட் மாதிரியான லேசர் வேண்டும். ஆனால் அந்த ஒளியை எங்கள் தோலின் மெலனினும் நன்றாக உறிஞ்சும். கொப்புளம் வரலாம், வெள்ளைத் திட்டு விழலாம். கருந்தோலுக்குப் பாதுகாப்பான 1064 நனோமீற்றர் பச்சை நிறத்தை அதிகம் தொடாது. தோல் நிறத்தைத் தரம் பிரிக்க வைத்தியர்கள் பாவிக்கும் ஃபிட்ஸ்பட்ரிக் அளவுகோல் 1975இல் வெள்ளைத் தோலுக்காக உருவானது. பழுப்பும் கறுப்பும் பிறகுதான் 5, 6 என்று சேர்ந்தன. பின்னால் ஒட்டவைத்த இரண்டு எண்ணுக்குள் நாங்கள் அநேகம் பேர் அடங்குகிறோம்.

தோழியின் அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தழும்பு வருமா?" அவர் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர், சோதனைச் சாவடிக் காலத்து ஆள். எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. 2007இல் பிரித்தானியத் தீர்ப்பாயம் ஒன்று, கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்படும் தமிழருக்கு ஆபத்தைக் கூட்டக்கூடிய 12 காரணிகளைப் பட்டியலிட்டது. அதில் ஒன்று, உடலில் தழும்பு இருப்பது. பள்ளிக்கூடத்தில் விழுந்த தழும்புக்கும் விளக்கம் தயாராக வைத்திருந்த தலைமுறை அது. எங்களுக்குத் தழும்பு என்றால் அழகுப் பிரச்சினை. அம்மாவுக்கு அப்படி இல்லை.

குறியைப் பார்த்து மறிப்பது அந்தக் காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 2014 ஏப்ரலில் கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியத் தாதி ஒருவரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதுசெய்து, சில நாள் அடைத்து, நாடு கடத்தினார்கள். அவர் தன்னைப் பௌத்தர் என்றே சொன்னார். 2017இல் உயர் நீதிமன்றம் அந்தக் கைதுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று தீர்த்து, நட்டஈடும் செலவுமாக 8 இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அது வெளிநாட்டுக் கடவுச்சீட்டின் பலமா என்று எங்களுக்குள் ஒரு இரவு முழுக்க வாக்குவாதம் நடந்தது. முடிவுக்கு வரவில்லை.

தோழிக்கு மூன்று தடவை முடிந்துவிட்டது. ரப்பர் பாண்டைச் சூடாக்கி இழுத்து அடித்தது போல என்கிறாள். பெயர் சாம்பலாகிவிட்டது, ஆனால் தெரிந்தவர்கள் இன்னும் வாசிக்கலாம். கொடி அப்படியே பச்சைப் பசேலென்று நிற்கிறது. அடுத்த தடவை சித்திரை வருசத்துக்குப் பிறகு. அதற்கிடையில் ஹட்டனுக்குப் போகிறாள். கையில் வெயில் படக்கூடாதாம், நீளக்கைச் சட்டை இரண்டு வெள்ளவத்தையில் வாங்கியாயிற்று.