விளையாட்டு மார்க்கச்சை

விளையாட்டு மார்க்கச்சை என்பது ஓட்டம், துள்ளல், பந்தாட்டம் முதலிய உடற்பயிற்சிகளின்போது மார்பகங்களின் அசைவைக் குறைத்து, அவற்றைத் தாங்குவதற்காகப் பெண்கள் அணியும் உள்ளாடை ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்போர்ட்ஸ் பிரா எனப்படுகிறது. அன்றாட மார்க்கச்சையை விட இதன் அடிப்பட்டி அகலமானது, துணி குறைவாக நீளும், தோள்பட்டிகள் உறுதியானவை. பெரிய மார்பகங்களை உடைய பெண்களுக்கு இது வசதிக்கான ஆடை மட்டுமன்று. பயிற்சியைத் தொடர்வதா, கைவிடுவதா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பதும் இதுவே ஆகும்.

உடற்கூற்றியல்

மார்பகம் சுரப்பித் திசுவாலும் கொழுப்புத் திசுவாலும் ஆனது. அது மார்புத் தசையின் மேல் அமைந்துள்ளதே அன்றி, அதனைத் தூக்கி நிறுத்தும் தசை எதுவும் அதனுள் இல்லை. தோலும், உள்ளே பரவியுள்ள மெல்லிய இணைப்புத் திசுக்களுமே அதற்குத் தாங்கல். இத்திசுக்கள், 1840 ஆம் ஆண்டில் மார்பக உடற்கூறு பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலேய அறுவை மருத்துவர் சர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் கூப்பர் இணைப்பிழைகள் என்று அழைக்கப்படுகின்றன.

ஓடும்போது உடல் ஒவ்வோர் அடிக்கும் எழுந்து தாழ்கிறது. மார்பகம் சற்றுப் பின்தங்கி அதனைத் தொடர்கிறது. இவ்வசைவு மேலும் கீழுமாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் நிகழ்வதால், அதன் பாதை ஏறத்தாழ எட்டு வடிவில் அமைகிறது. மார்பகத்தின் எடை கூடக்கூட இழுவிசையும் கூடுகிறது. வலி, தோள்களில் பட்டி பதிந்து புண்ணாதல், கழுத்து மற்றும் மேல்முதுகு நோவு, மார்பை மறைக்க முன்னோக்கிக் குனிந்து நடத்தல் ஆகியன இதன் விளைவுகளாகும்.

2012 ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானில் பங்கேற்ற பெண்களில் 1397 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 32 விழுக்காட்டினர் மார்பக வலியை உணர்ந்ததாகக் கூறினர். ஐக்கிய இராச்சியத்தில் 11 முதல் 18 வயது வரையிலான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவியரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஏறத்தாழ பாதிப் பேர் தம் மார்பகங்கள் விளையாட்டில் பங்கேற்பதைப் பாதிப்பதாகத் தெரிவித்தனர். பயிற்சியின்போது தோன்றும் இடர்ப்பாடு உடல் தகுதிக் குறைவால் வருவதன்று. பெரும்பாலும் தாங்கல் குறைவால் வருவதாகும்.

வரலாறு

சிசிலித் தீவில் உள்ள வில்லா ரோமானா டெல் கசாலே என்னும் மாளிகையின் கி. பி. 4 ஆம் நூற்றாண்டுத் தரை ஓவியத்தில், மார்பைச் சுற்றித் துணிப்பட்டி கட்டிய பெண்கள் ஓடுவதும் பந்து எறிவதும் காணப்படுகின்றன. தமிழில் கச்சு, கச்சை என்னும் சொற்கள் இறுகக் கட்டும் துணியைக் குறிப்பவை. மார்க்கச்சை என்னும் சொல் இவற்றின் அடியாகப் பிறந்தது.

தற்கால விளையாட்டு மார்க்கச்சை 1977 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உருவானது. ஓட்டப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த லிசா லிண்டால், உடை வடிவமைப்பாளர் பாலி சுமித், இண்டா மில்லர் ஆகிய மூவரும் இதனை உருவாக்கினர். ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் சப்போர்ட்டர் இரண்டை இணைத்துத் தைத்ததே முதல் மாதிரி ஆகும். ஜாக்பிரா எனப் பெயரிடப்பட்ட இதற்கு 1979 இல் காப்புரிமை கிடைத்தது. இம்மூவரும் 2022 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் பெருமை மன்றத்தில் சேர்க்கப்பட்டனர்.

1999 சூலை 10 அன்று நடந்த மகளிர் உலகக்கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில், வெற்றிக்கான பந்தை உதைத்த அமெரிக்க வீராங்கனை பிராண்டி சாசுடைன் தம் மேற்சட்டையைக் கழற்றி, விளையாட்டு மார்க்கச்சையுடன் மண்டியிட்ட ஒளிப்படம் இவ்வாடையை உலகெங்கும் அறியச் செய்தது.

புதுச்சேரியில் பெண்கள் உடற்கல்வி

விளையாட்டு மார்க்கச்சை தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பெண்கள் எந்த உடையில் பயிற்சி செய்வது என்னும் வினாவைப் புதுச்சேரி எதிர்கொண்டது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை எனப்படும் மிர்ரா அல்பாசா 1943 திசம்பர் 2 அன்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1940களின் பிற்பகுதியில் அங்கு உடற்கல்வி முறையாக வளர்ந்தது. சிறுமியரும் பெண்களும் சேலையும் பாவாடையும் களைந்து, அரைக்கால் சட்டையும் மேற்சட்டையும் அணிந்து, கூந்தலைத் தொப்பிக்குள் அடக்கி மைதானத்தில் இறங்கினர். ஆண்கள், பெண்கள் ஆகிய இரு பாலாருக்கும் பயிற்சிகள் அவரவர் வலிமைக்கும் திறனுக்கும் ஏற்பப் படிப்படியாக அமைய வேண்டும் என்பது அன்னையின் கருத்து.

அக்காலத்து இந்தியச் சூழலில் இஃது ஒரு பெரிய மாற்றமாகும். ஆனால் மேலாடை மாறினாலும், ஓட்டத்தின் அதிர்வைத் தாங்கும் உள்ளாடை அன்று உலகில் எங்கும் பரவலாகக் கிடைக்கவில்லை.

புதுச்சேரியில் நடைப்பயிற்சிக்கும் மெல்லோட்டத்திற்கும் பலரும் கூடும் இடம் கூபேர் சாலை எனப்படும் கடற்கரைச் சாலை ஆகும். மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்கள் தடை செய்யப்படுவதால் விடியற்காலையில் பெண்கள் பலர் இங்கு நடக்கின்றனர். தாவரவியல் பூங்கா, உப்பளத்தில் உள்ள இந்திரா காந்தி விளையாட்டரங்கம் ஆகியனவும் பயிற்சிக்குரிய இடங்களாகும். அருகிலுள்ள ஆரோவில்லில் 2008 ஆம் ஆண்டில் மாரத்தான் ஓட்டம் தொடங்கப்பட்டது.

வகைகள்

விளையாட்டு மார்க்கச்சைகள் மூன்று வகைப்படும்.

1. அமுக்கு வகை: இரு மார்பகங்களையும் ஒன்றாக நெஞ்சோடு சேர்த்து அமுக்குவது. தலைவழியாக அணியப்படும். எஸ், எம், எல் என்னும் அளவுகளில் விற்கப்படுகிறது. சிறிய மார்பகங்களுக்கு ஏற்றது.

2. கிண்ண வகை: ஒவ்வொரு மார்பகத்திற்கும் தனித்தனிக் கிண்ணம் உடையது. கிண்ணம் என்பது கடைகளில் கப் எனப்படுவதாகும். முதுகிலோ முன்புறத்திலோ கொக்கி இருக்கும். எண்ணும் எழுத்தும் சேர்ந்த அளவுகளில் கிடைக்கும்.

3. கலப்பு வகை: தனிக் கிண்ணங்களும், அவற்றின் மேல் அமுக்கும் வெளித்துணியும் கொண்டது.

பெரிய மார்பகங்களுக்குக் கிண்ண வகையும் கலப்பு வகையும் பொருந்தும். அமுக்கு வகையை அணிந்தால் இரு மார்பகங்களும் ஒன்றோடொன்று உரசி வியர்வை தேங்கும். போதிய தாங்கலும் கிடைக்காது. மார்பளவு பெரிதாக இருப்பதால் எக்ஸ்எல் அளவு வாங்கினால், கிண்ணத்திற்கு இடம் கிடைத்தாலும் அடிப்பட்டி தளர்ந்துவிடும். கடைகளில் நிகழும் தவறான தெரிவுகளுள் இது முதன்மையானது.

அளவு

மார்க்கச்சையின் அளவு இரு பகுதிகளைக் கொண்டது. எண் அடிப்பட்டியின் அளவையும், எழுத்து கிண்ணத்தின் அளவையும் குறிக்கும். கிண்ணத்தின் எழுத்துக்குத் தனியே நிலையான கொள்ளளவு கிடையாது. எண் மாறினால் அதே எழுத்துடைய கிண்ணமும் சிறியதாகவோ பெரியதாகவோ ஆகும். 38சி, 36டி, 34டிடி ஆகிய மூன்றின் கிண்ணங்களும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு உடையவை. ஆகவே 38சி அணிபவருக்கு அடிப்பட்டி தளர்வாக இருப்பின், 36சி வாங்குவது தவறு. 36டி வாங்க வேண்டும்.

எண் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இது புதுச்சேரி வாசகர்களுக்குச் சிறப்பாகப் பயன்படும் செய்தி. 1962 ஆகத்து 16 அன்று பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்தோரின் குடும்பங்கள் இந்நகரில் வாழ்கின்றன. பிரான்சில் வாழும் உறவினர் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் உடைகளில் பிரெஞ்சு அளவுகள் இருக்கும். மார்பகத்திற்குச் சற்றுக் கீழே நாடாவால் அளந்த சுற்றளவுக்குப் பொதுவாக உரிய எண்கள் வருமாறு:

கீழ்ச்சுற்றளவு 68 - 72 செ. மீ.: ஐரோப்பா 70, பிரான்சு 85, இந்தியா மற்றும் இங்கிலாந்து 32
கீழ்ச்சுற்றளவு 73 - 77 செ. மீ.: ஐரோப்பா 75, பிரான்சு 90, இந்தியா மற்றும் இங்கிலாந்து 34
கீழ்ச்சுற்றளவு 78 - 82 செ. மீ.: ஐரோப்பா 80, பிரான்சு 95, இந்தியா மற்றும் இங்கிலாந்து 36
கீழ்ச்சுற்றளவு 83 - 87 செ. மீ.: ஐரோப்பா 85, பிரான்சு 100, இந்தியா மற்றும் இங்கிலாந்து 38
கீழ்ச்சுற்றளவு 88 - 92 செ. மீ.: ஐரோப்பா 90, பிரான்சு 105, இந்தியா மற்றும் இங்கிலாந்து 40

85 என்னும் எண் பிரெஞ்சு முறையில் 32 ஐயும், பொது ஐரோப்பிய முறையில் 38 ஐயும் குறிப்பதை இப்பட்டியலில் காணலாம். 34 அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்றினால் ஏறத்தாழ 86 வரும். இக்கணக்கை நம்பி 85 என்று எழுதியதை வாங்குபவருக்கு, பிரெஞ்சு அளவாயின் ஓர் அளவு இறுக்கமாகவும், ஐரோப்பிய அளவாயின் இரண்டு அளவு தளர்வாகவும் அமையும். எனவே எண்ணின் அருகில் உள்ள நாட்டுக் குறியீட்டைப் படித்த பின்னரே தெரிவு செய்தல் வேண்டும். கிண்ண எழுத்திலும் வேறுபாடு உண்டு. இங்கிலாந்தின் டிடி, ஐரோப்பாவில் ஈ எனப்படும்.

பொருத்தம் அறிதல்

நாடாவால் அளப்பது தொடக்கம் மட்டுமே. ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அளந்து கணக்கிடுவதை விட, அணிந்து பார்த்துப் பொருத்தத்தைச் சோதிப்பதே நம்பத்தக்கது எனப் பரிந்துரைத்துள்ளனர். கவனிக்க வேண்டியவை:

அடிப்பட்டி: முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கைகளை உயர்த்தும்போது மேலே ஏறக் கூடாது. தாங்கலின் பெரும்பகுதி அடிப்பட்டியிலிருந்தே வருகிறது. மூச்சை முழுமையாக இழுக்கவும் இயல வேண்டும்.
கொக்கி: புதியதை வெளி வரிசைக் கொக்கியில் அணிந்து பார்க்க வேண்டும். நாளடைவில் தளரும்போது உள் வரிசைக்கு மாறலாம்.
கிண்ணம்: மேற்புறமோ அக்குள் பக்கமோ மார்பகம் பிதுங்கினால் கிண்ணம் சிறியது. துணி சுருங்கி நின்றால் பெரியது.
கம்பி: கம்பி இருப்பின் அது நெஞ்செலும்பின் மேல் படிய வேண்டும், மார்பகத்தின் மேல் அழுந்தக் கூடாது.
தோள்பட்டி: அகலமாக இருத்தல் நலம். தோளில் தடம் பதிந்தால் அடிப்பட்டி தளர்ந்துள்ளது என்று பொருள். அந்நிலையில் பட்டியை மேலும் இறுக்குவது தீர்வாகாது.
அசைவுச் சோதனை: உடை மாற்றும் அறையிலேயே சில முறை குதித்தும், நின்ற இடத்தில் ஓடியும் பார்க்க வேண்டும்.

தலைவழியாக அணியும் இறுக்கமான உடையைக் கழற்றுவது கடினமாக இருப்பவர்களுக்கு முன்புறக் கொக்கி அல்லது ஜிப் உடையவை ஏற்றவை.

பயிற்சிக்கேற்ற தாங்கல்

நடை, மிதிவண்டி, பெரும்பாலான யோகாசனங்கள் ஆகியவற்றுக்குக் குறைந்த அல்லது நடுத்தரத் தாங்கல் போதும். ஓட்டம், கயிறு தாண்டல், கூடைப்பந்து, கைப்பந்து ஆகியவற்றுக்கு உயர் தாங்கல் தேவை. ஆயினும் பெரிய மார்பகம் உடையவர்களுக்கு விரைந்த நடைக்கே உயர் தாங்கல் தேவைப்படலாம். நல்ல மார்க்கச்சை கிடைக்கும் வரை, பொருத்தமான அன்றாட மார்க்கச்சையின் மேல் அமுக்கு வகை ஒன்றை அணிவது இடைக்காலத் தீர்வாகும். நீச்சலில் நீரே உடலைத் தாங்குவதால் வலி குறைவு. சர்வாங்காசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களுக்குக் கழுத்துப் பகுதி உயர்ந்த வகை வசதியானது.

மேல்முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகள் நிமிர்ந்த தோற்றத்திற்கும் கழுத்து நோவு குறைவதற்கும் உதவும்.

தட்பவெப்பமும் பராமரிப்பும்

புதுச்சேரி போன்ற கடலோர நகரங்களில் ஈரப்பதம் மிகுதி. மார்பகத்தின் அடிமடிப்பில் வியர்வை தேங்கினால் தோல் சிவந்து, அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் உண்டாகும். தனிப் பருத்தி வியர்வையை உறிஞ்சினாலும் விரைவில் உலராது. வியர்வையை வெளியேற்றும் பின்னல் துணிகள் பயிற்சிக்கு ஏற்றவை. பயிற்சி முடிந்ததும் ஈர உடையை மாற்றி, மடிப்புகளைத் துடைத்து உலர்த்த வேண்டும்.

வெந்நீரும் துணி மென்மையாக்கியும் மீள்துணியின் வலிமையைக் குறைக்கும். குளிர்ந்த நீரில் துவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துதல் நன்று. இரண்டை மாற்றி மாற்றி அணிந்தால் நீண்ட நாள் உழைக்கும். உள் வரிசைக் கொக்கியிலும் அடிப்பட்டி தளர்ந்திருப்பின் புதியது வாங்க வேண்டும்.

தவறான கருத்துகள்

மார்க்கச்சை அணிவதால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்று இல்லை.
மார்புத் தசைப் பயிற்சியால் மார்பகம் சிறியதாகாது. கொழுப்புத் திசு மிகுந்தவர்களுக்கு உடல் எடை குறையும்போது ஓரளவு குறையலாம்.
பெரிய மார்பகம் உடையவர்கள் ஓடக் கூடாது என்பது மருத்துவ விதி அன்று. தக்க தாங்கலுடன் ஓடலாம்.
குழந்தைக்குப் பாலூட்டுவதே தொய்வுக்குக் காரணம் என்பது ஆய்வுகளால் உறுதிப்படவில்லை. வயது, எடை மாற்றம், கருவுற்ற முறைகள், புகைபிடித்தல் ஆகியன காரணங்களாக அறியப்பட்டுள்ளன.

மருத்துவ ஆலோசனை

கட்டி, காம்பிலிருந்து கசிவு, தோல் சுருக்கம், ஒரே இடத்தில் நீடிக்கும் வலி ஆகியன காணப்பட்டால் அவற்றை உடையின் குறை என்று கருதாமல் மருத்துவரை அணுக வேண்டும். தக்க உடை அணிந்தும் நீங்காத கழுத்து, முதுகு நோவுக்குச் சிலர் மார்பகக் குறைப்பு அறுவையை மேற்கொள்கின்றனர். உருமேனிய டென்னிசு வீராங்கனை சிமோனா ஆலெப் 2009 ஆம் ஆண்டில் இவ்வறுவை செய்துகொண்டார். 2018 இல் பிரெஞ்சு ஓப்பனையும், 2019 இல் விம்பிள்டனையும் வென்றார்.

பள்ளிகளில் விளையாட்டு வகுப்பைத் தவிர்க்கும் மாணவியருள் சிலருக்கு உண்மைக் காரணம் இவ்வலியாகவோ, பிறர் பார்வை குறித்த கூச்சமாகவோ இருக்கலாம். அதை வெளிப்படையாகச் சொல்லும் வழக்கம் இல்லாததால் அது சோம்பல் என்று கொள்ளப்படுகிறது. தாயும் உடற்கல்வி ஆசிரியையும் காலணியைப் பற்றிப் பேசுவது போலவே இவ்வுடையைப் பற்றியும் இயல்பாக எடுத்துரைத்தால், பல மாணவியர் மைதானத்திற்குத் திரும்ப வழி பிறக்கும்.

இவற்றையும் பார்க்க

மார்பகம்
உடற்கல்வி
மெல்லோட்டம்
ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம்
புதுச்சேரி