பெரியப்பாவின் ஹெரால்டும் வண்டலூர்த் தொழிற்சாலையும்



போன வாரம் நான் போட்ட காரின் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "சார், அது ஃபியட்டா?" என்று பாதிப் பேர். "மாமா, இந்த வயசுல இது தேவையா?" என்று மீதிப் பேர். முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: இல்லை, அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். வகுப்பில் 40 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று எழுதுகிறேன்.

மதுராந்தகத்தில் டாக்டராக இருந்த என் பெரியப்பா 1966இல் இந்த வண்டியை வாங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வெளிர்நீல வண்டி, இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். ஒருநாள் பெரியப்பா பானட்டைத் திறந்து காட்டினார். மற்ற கார்களில் மூடி மட்டும்தான் மேலே தூக்கும். இதில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து வண்டியின் முன்பக்கம் முழுவதுமே முன்னால் சாய்ந்தது. எஞ்சின், முன்சக்கரங்கள், ஸ்டீரிங் கம்பி எல்லாம் வெட்டவெளியில் நின்றன. "பாத்துக்கோடா, இது நம்ம மெட்ராஸ்ல செஞ்சது" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை அறுபதாவது வயதில் ஸ்பேனர் பிடிக்க வைத்தது.

மெட்ராஸில் செய்தது என்றால் எங்கே? நம் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகிற வழியில், வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1903இல் பிறந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் இங்கிருந்த யூனியன் கம்பெனியும் கூட்டாகத் தொடங்கியது. 1951வாக்கில் வான்கார்டு என்ற பெரிய காரை இங்கே தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

1953 முக்கியமான ஆண்டு. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் அனுமதி என்று டாரிஃப் கமிஷனின் பரிந்துரையை ஏற்று மத்திய அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. கார் என்றால் கல்கத்தாவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்ட் என்று மூன்று பெயர்கள்தான் நின்றன. பத்தாம் வகுப்பில் "தொழில் கொள்கை" என்று நான் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டுப் போன பாடம் இது. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் அதன் நேரடிச் சாட்சி புகை விட்டுக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட உங்களை அங்கே அழைத்துப் போகவில்லை. இந்தப் பதிவு அதற்கான பிராயச்சித்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்ற பெயரில் வெளிவந்தது. வடிவமைத்தவர் டூரின் நகரத்து இத்தாலியர் ஜியோவானி மிக்கெலாட்டி. 1961இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. எஞ்சின் 948 சி.சி. நான்கு சிலிண்டர், 63 மில்லிமீட்டர் போர், 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். இன்றைய சின்னக் கார்களே இதைவிட வேகமாகப் போகும். ஆனால் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். இன்றைய கார் ஓட்டிகள் நான்கு தடவை முன்னும் பின்னும் இழுக்கிற எங்கள் தெருமுனையில் இது ஒரே மூச்சில் திரும்புவதை வந்து பாருங்கள்.

இந்த வண்டியின் உடம்பு ஏன் துண்டுதுண்டாகக் கழல்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஐம்பதுகளில் மற்ற கம்பெனிகள் சேஸிஸ் இல்லாமல், உடம்பே எலும்பாக இருக்கும் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. அப்படி முழு உடம்பை அச்சில் அடித்துத் தர பெரிய பிரஸ் ஆலை வேண்டும். ஸ்டாண்டர்டுக்கு உடம்பு செய்து தந்த ஃபிஷர் அண்டு லட்லோ ஆலையை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், பழைய முறையில் தனிச் சேஸிஸ் போட்டு, உடம்பைப் பல துண்டுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து போல்ட் போட்டுப் பூட்டினார்கள்.

அங்கே நெருக்கடியால் வந்த அந்த ஏற்பாடு இங்கே வசதியாகிப் போனது. தனிச் சேஸிஸ் இருந்ததால் மேல்கூட்டை நம் ஆட்களே மாற்றிக்கொள்ள முடிந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வந்ததே இல்லை. குடும்பத்தோடு போகிற நம் ஊருக்கு நான்கு கதவு வேண்டும் என்று அறுபதுகளின் பின்பாதியில் சென்னையில் செய்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் அதையே மாற்றிக் கெஸல் என்று வெளியிட்டார்கள். பாரம் ஏறினால் ஹெரால்டின் பின்சக்கரங்கள் காலை அகட்டி உட்காரும். ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. கெஸலில் அதை மாற்றிச் சாதாரண அச்சு போட்டார்கள்.

கெஸல் 1977இல் நின்றது. அதன்பிறகு 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்தது. ரோவரின் நவீன உடம்பு, உள்ளே பழைய வான்கார்டு வம்சத்து எஞ்சின். விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். மாருதி 800 ஏற்கெனவே வந்து ஊரைப் பிடித்திருந்த நேரம். 1988இல் உற்பத்தி முடிந்தது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் வருவது 1963லேயே நின்றுவிட்டது. பிறந்த வீட்டில் போன பெயரைப் புகுந்த வீடான சென்னைதான் கால் நூற்றாண்டு கூடுதலாகச் சுமந்தது.

பெரியப்பா 1989இல் காலமானார். வண்டி அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நின்றது. மாடு போனபிறகும் நின்றது. நான் ஓய்வுபெற்று ஒரு வருடம் கழித்து, 2016இல், அண்ணன் போன் செய்தார். "எடைக்குப் போடறேன்டா, ஆள் வந்திருக்கான்" என்றார். அன்று மாலையே லாரி வைத்து வீட்டுக்கு ஏற்றிவந்துவிட்டேன். வீட்டம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எலிக்கூட்டையாவது வெளியே போடுங்க" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

தரைத்தகடு முழுவதும் துரு. சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் விரலால் குத்தினால் உதிர்ந்தன. முதல் பாடம் அங்கே கற்றேன்: டிங்கரிங் வேலையில் அவசரப்பட்டுப் பட்டி பூசினால் இரண்டு மழைக்குள் பல்லைக் காட்டும். துரு பிடித்ததை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டு செய்து, அதன்பிறகுதான் பட்டி. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் புதுப்பேட்டையில் அலைந்தேன். கடை கடையாக, "ஹெரால்டு சாமான் இருக்கா?" என்று கேட்டால் இளம்பிள்ளைகள் விழித்தார்கள், கல்லாவில் இருந்த அப்பாக்கள் எழுந்து வந்தார்கள்.

வால்வைப் பற்றி ஒன்று. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தை மாதிரி. 2000ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டது. காற்றுக்கு நல்லது, பழைய எஞ்சினுக்குக் கஷ்டம். அதனால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான புது சீட் வைத்தோம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அது அரித்துவிடும். ஆகவே அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்கக் கூடாது.

இனி நான் செய்த தவறைச் சொல்கிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

மூன்று வருட வேலை முடிந்து 2019இல் வண்டி தயார். பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். மறுநாள் திருக்கழுக்குன்றம் போய்வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் மாலை என் பழைய மாணவன் ஒருவன் தன் அப்பாவைக் கூட்டிவந்தான். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். அவன் என்னிடம் படித்த ஐந்து வருடமும் அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. காலை ரயிலில் போவார், ராத்திரி வருவார் என்பதோடு சரி. அவர் வேலை பார்த்தது வண்டலூரில், இந்த வண்டிகளைப் பூட்டும் இடத்தில். ஆலை நின்றபிறகு ஒரு லேத் பட்டறையில் வேலை செய்து பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிறார்.

எண்பதைத் தொடும் வயது. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெயின்டைப் பார்க்கவில்லை. பானட்டைத் தானே சாய்த்துத் திறந்தார். முன்சக்கரத்துக்கு உட்புறம் கைவிட்டு, விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தார்.

"சார், இதுல யாரு கிரீஸ் அடிச்சது?"

"நான்தாங்க. கிரீஸ் கன் வாங்கி நானே அடிச்சேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"தப்பு சார். இதுக்கு ஆயில்தான். 90 நம்பர் கியர் ஆயில். நாளைக்கு இத எடுக்காதீங்க."

விஷயம் இதுதான். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே தண்டு சுழல வேண்டும். கட்டியான கிரீஸ் மரையின் உள்வரை போய்ச் சேராது. உள்ளே காய்ந்து, தண்ணீர் இறங்கி, துருப்பிடித்து இறுகும். இறுகிய தண்டு ஒருநாள் திருப்பத்தில் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் மடங்கி வண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும். கெட்டியான எண்ணெயாக இருந்தால் மரை வழியே இறங்கிவிடும். மற்ற கார்களில் அந்த மாதிரி இடங்களில் கிரீஸ்தான் அடிப்பார்கள் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் அவரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பையன் கழற்றினான். இடப்பக்கத் தண்டைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். மரையின் மேல்வரியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். நான் ஒன்றும் பேசவில்லை. பேத்தி, "தாத்தா, எப்போ போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்தான், "தாத்தாவுக்கு இன்னும் பாடம் முடியலம்மா" என்றார்.

வேறொரு பழைய ஹெரால்டிலிருந்து கழற்றிய நல்ல தண்டு இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. அவர் வந்து பூட்டினார். முதல் சவாரிக்கு அவர்தான் முன்சீட்டில் உட்கார்ந்தார். பெருங்களத்தூர் வரை போனோம். ஆலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. ஓரமாக நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. "கேட்டு அங்க இருந்துச்சு சார்" என்று மட்டும் கைகாட்டினார். திரும்பிவிட்டோம். கொரோனா முடிந்த அடுத்த வருடம் அவர் காலமானார்.

நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி எல்லாம் சான்று என்று சொன்னேன். ஒரு மனிதரின் விரல் நுனியில் இருக்கும் அறிவும் சான்றுதான் என்பதை என் மாணவனின் அப்பாவிடம்தான் படித்தேன். அந்த எண்ணெய் விவரம் கம்பெனிக் கையேட்டிலும் இருக்கிறது. பிறகு தேடிப் படித்தேன். ஆனால் கையேடு என் வாசலுக்கு நடந்து வந்து, "நாளைக்கு எடுக்காதீங்க" என்று சொல்லவில்லை.

"சட்டம் இடம் கொடுக்குதா?" என்று கேட்ட தம்பிகளுக்கு: ஐம்பது வருடம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் தனி விதி வந்துவிட்டது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அதில் அன்றாடம் ஓட்ட முடியாது; கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு மாதிரிக் காரியங்களுக்குத்தான். நான் பழைய பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொள்கிறேன். பெரியப்பாவின் கறுப்புப் பலகை எண் அப்படியே இருக்கிறது.

செலவு நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. விற்றால் அது வருமா என்று மகன் கேட்கிறான். வராது. எனக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்றும் கேட்கிறான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பேத்திக்கு இப்போது பதினான்கு வயது. மாதம் ஒருமுறை ஆயில் கன்னை அவள்தான் பிடிக்கிறாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்களில் யாருடைய அப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ அந்த ஆலையில் வேலை பார்த்திருந்தால், இந்த வாரமே போய் உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பிரிவில் இருந்தார், என்ன செய்தார், எந்த ரயிலில் போனார், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அடையாள அட்டை, பழைய குரூப் போட்டோ இருந்தால் செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஒரு நோட்டில் சேர்த்து வைக்கிறேன். அடுத்த வருடம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

செங்கல்பட்டுப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். நான்கு பேர்தான் உட்காரலாம். பின்சீட்டுக்காரர்கள் குனிந்து ஏற வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்