சிறைக்குள் கூடிய நகர்மன்றம்

போன வாரம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. உலகப் பொருளாதாரமே ஆட்டம் காணும்போது, தெருவிளக்கும் சாக்கடையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நகராட்சியால் என்ன செய்துவிட முடியும்? "ஒன்றும் முடியாது, மேலே இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்" என்று பெரும்பாலோர் சொன்னோம். நானும்தான். அப்புறம் நூலகத்தில் எதையோ தேடப்போய் 1921-ல் லண்டனின் பாப்லர் பகுதியில் நடந்த கதை கையில் சிக்கியது. என் பதிலை மாற்றிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

பாப்லர் கிழக்கு லண்டனில் இருக்கிறது. துறைமுகத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். கிழக்கிந்தியத் துறை, மேற்கிந்தியத் துறை எல்லாம் அங்கேதான். உலக வணிகம் நடந்தால் அங்கே அடுப்பு எரியும், வணிகம் படுத்தால் அடுப்பும் அணையும். முதல் உலகப் போர் முடிந்து வந்த கொஞ்ச நாள் வளம் 1920-ல் முடிந்துபோனது. 1921 கோடையில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் இருபது லட்சத்தைத் தாண்டினார்கள்.

இங்கேதான் சிக்கல். அன்றைய ஏழைகள் சட்டப்படி, ஒரு பகுதியின் ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டியது அந்தப் பகுதியே. பணம் உள்ளூர் சொத்துவரியிலிருந்து வரவேண்டும். வரி கட்டிடத்தின் வாடகை மதிப்பைப் பொறுத்தது. பவுண்டுக்கு ஒரு பென்னி வரி போட்டால் பணக்கார வெஸ்ட்மின்ஸ்டரில் சுமார் 31,700 பவுண்டு வசூலாகும். பாப்லரில்? சுமார் 3,600 தான். ஆனால் ஏழைகள் இருப்பதோ பாப்லரில்! அதாவது ஏழைகளே ஏழைகளைக் காப்பாற்ற வேண்டும். நெருக்கடி உலகத்துடையது, பில் மட்டும் பாப்லருக்கு.

1919 நவம்பர் தேர்தலில் பாப்லர் நகர்மன்றத்தின் 42 இடங்களில் 39-ஐத் தொழிற்கட்சி பிடித்திருந்தது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். உறுப்பினர்களில் பலர் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்தவர்கள். நகர்மன்ற ஊழியர்களுக்கு வாரம் 4 பவுண்டு குறைந்தபட்சக் கூலி, அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக, என்று 1920-ல் முடிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப்பார்க்காத காரியம் இது.

1921 மார்ச்சில் அடுத்த முடிவு. பாப்லர் வசூலிக்கும் வரியில் ஒரு பகுதி லண்டன் மாவட்ட மன்றம், காவல்துறை, குடிநீர் வாரியம் போன்ற பொது அமைப்புகளுக்குப் போக வேண்டும். அந்தப் பகுதியை வசூலிக்கவே மாட்டோம் என்றார்கள். ஏழைகள் உதவிச் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளட்டும், பிறகு கட்டுகிறோம் என்பதுதான் கோரிக்கை. சட்டப்படி இது தவறு, அது அவர்களுக்கும் தெரியும். வழக்கு வந்தது. ஜூலை 29 அன்று பாண்டு வாத்தியத்தோடு நீதிமன்றத்துக்கு ஊர்வலமாகவே நடந்துபோனார்கள். 'நீதிமன்றத்துக்குப் போகிறோம், ஒருவேளை சிறைக்கும்' என்ற பொருளில் பதாகை வேறு!

நீதிமன்றம் சொன்ன பிறகும் பணியவில்லை. செப்டம்பரில் 30 பேர் கைதானார்கள். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கும், பெண்கள் ஐந்து பேர் ஹாலோவே சிறைக்கும் போனார்கள். அந்த ஐவரில் நெல்லி கிரெஸால் கர்ப்பிணி. ஊர் வேலை நிற்கக்கூடாதே என்று சிறைக்குள்ளேயே நகர்மன்றக் கூட்டம் நடத்த அனுமதி வாங்கினார்கள். பெண் உறுப்பினர்களைக் காரில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்துவந்தார்கள். கைதிகள் உட்கார்ந்து தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள், சிறை அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கற்பனை செய்துபாருங்கள்!

பக்கத்தில் இருந்த பெத்னல் கிரீன், ஸ்டெப்னி மன்றங்களும் அதே வழியில் போகத் தீர்மானம் போட்டதும் அரசு யோசிக்க ஆரம்பித்தது. ஆறு வாரம் கழித்து, அக்டோபர் 12 அன்று சிறையில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டு, ஏழைகள் உதவிச் செலவில் பெரும்பகுதி லண்டன் முழுவதற்கும் பொதுவாக்கப்பட்டது.

இதை வெறும் வீரக்கதையாகப் படித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு இருந்தது. பக்கத்து ஹாக்னியின் மேயர் ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை மீறினால் தொழிற்கட்சிக்கு ஆளத் தெரியாது என்று மக்கள் நினைப்பார்கள் என வாதாடினார். அவர் சொன்னதில் அர்த்தமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. இன்று பாப்லர் செய்ததை நாளை ஒரு பணக்காரப் பகுதி "ஏழைகளுக்கு எங்கள் பணம் எதற்கு" என்று செய்தால்? ஆனாலும் வேறு வழி என்ன இருந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர்கள் அவர்கள்.

விலையும் கொடுத்தார்கள். லான்ஸ்பரியின் மருமகள் மின்னி லான்ஸ்பரியும் சிறை சென்றவர். வெளியே வந்த சில வாரங்களில் நிமோனியா கண்டு, 1922 ஜனவரி 1 அன்று இறந்தார். வயது 32.

அந்த 4 பவுண்டு கூலி என்ன ஆனது? விலைவாசி இறங்கிய பிறகும் பாப்லர் அதைக் குறைக்கவில்லை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதையும் கண்டித்து, அது சட்டவிரோதச் செலவு என்று 1925-ல் தீர்ப்பு வந்தது. மின்னியின் நினைவாக வைத்த கடிகாரம் இன்றும் போ சாலையில் இருக்கிறதாம். லண்டன் பக்கம் போகிற நண்பர்கள் யாராவது ஒரு படம் எடுத்து அனுப்புங்களேன்.