மறுநாளும் விடிந்தது

பைபிளின் கடைசிப் புத்தகம் ஆயிர வருஷ ஆட்சி ஒன்றைச் சொல்கிறது. கிறிஸ்து அதற்கு முன்னால் வருவாரா, பின்னால் வருவாரா? அங்கேதான் வழக்கு. ஆயிரமென்பதே அடையாளம், அது திருச்சபையின் காலம் என்று முடித்துவிட்டார் அகஸ்டின். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பாதிரிமார் பலர், நாம் உலகத்தைத் திருத்திய பிறகே வருவார் என்றார்கள். வில்லியம் மில்லர் என்ற குடியானவரோ, தானியேல் ஆகமத்தின் 2300 நாட்களை வருஷங்களாக்கி, கி.மு. 457-லிருந்து எண்ணி, வருகைதான் முதலில், அதுவும் இதோ என்றார்.

பண்டிதர் சண்டைதானே என்று தோன்றும். ஆனால் அவருடைய கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்ததும், சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டார்கள். உலகத்தைத் திருத்தப் புறப்பட்டவனுக்கு மறுநாளும் வேலை உண்டு. இவர்களுக்கு மறுநாளே கிடையாது. விடிய விடியக் காத்திருந்து அழுதார்கள். தேதிதான் பிசகிற்று, வருகை பிசகாது என்ற நம்பிக்கையோடே மில்லர் 1849-ல் கண்ணை மூடினார். எனக்கென்னவோ, 23-ந் தேதி காலையில் வயலுக்குத் திரும்பி அரிவாளை எடுத்தவனைப் பற்றித்தான் நினைப்பு.