கரைந்து காட்டிக்கொடுத்த நுண்குழல்

செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு துருவங்களுக்கும் கொண்டு சேர்க்கும் கதிர்கோல் இழைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் செல்லியலாளர்களே சாயமேற்றிக் கண்டு படம் வரைந்திருந்தனர் என்றாலும், அவை உயிருள்ள செல்லில் மெய்யாகவே இருப்பவையா, செல்லைக் கொன்று பதப்படுத்தும் வேதிப்பொருள்கள் உண்டாக்கிய போலித் தோற்றமா என்ற வழக்கு 1950கள் வரை தீரவில்லை. ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற ஷின்யா இனோவே, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியைத் தாமே செம்மைப்படுத்தி, லில்லியின் மகரந்தத் தாய்செல்களிலும் ஒரு கடற்புழுவின் முட்டையிலும் அவ்விழைகள் உயிரோடு இயங்குவதை 1953இல் காட்டினார். குளிரூட்டினால் அவை மறைந்தன. வெப்பம் திரும்பியதும் மீண்டும் தோன்றின.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு இவ்விழைகள் நெடுங்காலம் சரிவரப் பிடிபடாததற்கும் இந்தக் கரையும் இயல்பே காரணம். குளிர்ந்த ஆஸ்மியம் டெட்ராக்சைடில் பதப்படுத்தியபோது பெரும்பாலானவை சிதைந்துபோயின. குளுட்டரால்டிஹைடு பழக்கத்துக்கு வந்த பின்னர்தான், 1963இல், ஹார்வர்டின் லெட்பெட்டரும் போர்ட்டரும் தாவரச் செல்களில் உள்ளீடற்ற மெல்லிய குழல்களைத் தெளிவாகக் கண்டனர். நுண்குழல் என்ற பெயரும் நிலைத்தது.

குழல் எதனால் ஆனது என்பதைச் சொன்னது ஒரு நஞ்சு. தமிழக உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் செங்காந்தளிலும் உள்ள கோல்சிசின், கதிர்கோலைக் கலைத்துச் செல்பிரிதலை நிறுத்திவிடும் என்பது முன்பே தெரிந்த செய்தி. சிகாகோவில் எட்வின் டெய்லரும் கேரி போரிஸியும் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த கோல்சிசினைத் திசுச் சாறுகளில் கலந்து, அது எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று 1967இல் தேடினர். பிரியும் செல்களில் அது ஒட்டியதில் வியப்பில்லை; பெரும்பாலும் பிரியாத செல்களைக் கொண்ட மூளையில் மிகுதியாக ஒட்டியதுதான் புதிர். அந்த முடிவைப் பிழையென்று ஒதுக்காததே இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம், ஏனெனில் நரம்புச் செல்களின் நீண்ட கிளைகள் நுண்குழல்களால் நிறைந்தவை. மறு ஆண்டே ஹிடியோ மோரி அப்புரதத்துக்கு டியூபுலின் என்று பெயரிட்டார்.

ஆல்பா, பீட்டா என்னும் இரு டியூபுலின்கள் இணைந்த 8 நானோமீட்டர் நீள இணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே திசை நோக்கி அடுக்கப்பட்டு இழையாகின்றன. பெரும்பாலும் அத்தகைய 13 இழைகள் பக்கவாட்டில் சேர்ந்து சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள குழலாகின்றன. இதைச் சோதனைக் குழாயில் கட்டிப் பார்க்கும் முயற்சிக்குத் தடையாக நின்றது கால்சியம். ரிச்சர்ட் வைசன்பர்க் 1972இல் மூளைச் சாற்றிலிருந்த கால்சியத்தைப் பிணைத்து ஒடுக்கி, ஆற்றல் மூலக்கூறான ஜிடிபியுடன் வெதுவெதுப்பாக வைத்தபோது குழல்கள் தாமே உருவாயின.

அவை சமநிலையில் அமைதியாக நிற்பவை என்ற எண்ணத்தை 1984இல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் உடைத்தனர். ஒரே கரைசலில் சில குழல்கள் வளர, அருகிலேயே வேறு சில விரைந்து சுருங்கின. சேர்ந்த டியூபுலினிலுள்ள ஜிடிபி சற்று நேரத்தில் ஒரு பாஸ்பேட்டை இழந்துவிடும். நுனியில் புதிய ஜிடிபி இணைகள் மூடிபோல் இருக்கும்வரை குழல் வளரும், மூடி கழன்றால் இழைகள் வெளிப்புறமாக வளைந்து உதிரும். செல்பிரிதலின்போது குரோமோசோமைத் தொட்ட குழல் நிலைபெறுகிறது. தொடாதது உதிர்ந்து, அதன் டியூபுலின்கள் வேறு திசையில் நீளும் குழலுக்குப் பயன்படுகின்றன.

(தொடரும்)