சிறு வானூர்திகளின் உயரமானி, டிரான்ஸ்பாண்டர் சோதனைகள்

உயரமானி, டிரான்ஸ்பாண்டர் சோதனைகள் என்பவை ஐக்கிய அமெரிக்காவில் வானூர்திகளுக்கு 24 நாட்காட்டி மாதங்களுக்கு ஒரு முறை செய்யப்பட வேண்டிய இரு கட்டாயச் சோதனைகள் ஆகும். அந்நாட்டுக் கூட்டாட்சி வான்பயண நிர்வாகத்தின் 91.411, 91.413 ஆகிய விதிகள் இவற்றை வரையறுக்கின்றன. வானூர்தியின் ஆண்டுச் சோதனை வேறு, இவை வேறு. ஆண்டுச் சோதனையில் தேறிய வானூர்திக்கும் இவற்றின் காலம் முடிந்திருக்கக் கூடும்.

உயரம் அறியப்படும் முறை

உயரே செல்லச் செல்ல வளிமண்டல அழுத்தம் குறைகிறது. வானூர்தியின் உடற்பகுதியில் உள்ள நிலையழுத்தத் துளைகள் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் குழாய்கள் வழியே உயரமானிக்குக் கொண்டு செல்கின்றன. உயரமானி அதனை அடிக் கணக்கில் காட்டுகிறது.

டிரான்ஸ்பாண்டர் என்பது தரை ரேடாரின் வினாவிற்குத் தானே விடையளிக்கும் வானொலிக் கருவி ஆகும். வினா 1030 மெகாஏர்ட்சிலும் விடை 1090 மெகாஏர்ட்சிலும் அனுப்பப்படும். விடையில் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரை மட்டுமே அமைவதால் மொத்தம் 4096 குறியீடுகள் உள்ளன. 'சி முறை' கொண்ட டிரான்ஸ்பாண்டர் உயரத்தையும் 100 அடிப் படிகளில் அனுப்பும்.

சோதனையின் தேவை

டிரான்ஸ்பாண்டருக்கு உயரத்தைத் தரும் குறியாக்கி, சிறு வானூர்திகளில் பெரும்பாலும் உயரமானி இணைந்துள்ள அதே குழாயில் இணைக்கப்பட்டிருக்கும். எனவே குழாய் கசிந்தால் இரண்டும் ஒரே அளவில் பிழையாகும். வானோடி காணும் உயரமும் கட்டுப்பாட்டாளர் திரையில் காணும் உயரமும் ஒத்திருப்பதால், பிழை இருவருக்கும் தெரியாது போகலாம்.

அழுத்தச் சீராக்கம் இல்லாத வானூர்தியின் அறைக்குள், பறக்கும்போது, அழுத்தம் பொதுவாக வெளியழுத்தத்தை விடச் சற்றுக் குறைவாக இருக்கும். அறைக்குள் குழாய் கசிந்தால் உயரமானி உண்மையை விட அதிக உயரத்தைக் காட்டும். அதாவது, வானூர்தி காட்டப்படும் உயரத்தை விடத் தாழ்வாகப் பறக்கும். முகிலுக்குள் பறக்கும் வானோடிக்கு இது பேரிடராகலாம்.

சோதனைகளும் வரம்புகளும்

விதிகளின் 43ஆம் பகுதியின் பின்னிணைப்புகளின் கீழ் செய்யப்படும் சோதனைகளில் பின்வரும் வரம்புகள் பின்பற்றப்படுகின்றன:

* கசிவு: அழுத்தச் சீராக்கம் இல்லாத வானூர்தியில், உயரமானி 1,000 அடி கூடுதலாகக் காட்டும் வரை குழாயிலுள்ள காற்று உறிஞ்சப்படும். பின்னர் ஒரு நிமிடத்தில் காட்டும் உயரம் 100 அடிக்கு மேல் இறங்கக் கூடாது.
* உயரமானி: பிழை 1,000 அடியில் 20 அடியையும், 10,000 அடியில் 80 அடியையும், 20,000 அடியில் 130 அடியையும் தாண்டக் கூடாது.
* குறியாக்கி: அனுப்பப்படும் உயரம் உயரமானி காட்டுவதிலிருந்து 125 அடிக்கு மேல் வேறுபடக் கூடாது.
* டிரான்ஸ்பாண்டர்: விடையின் அதிர்வெண், அனுப்பும் திறன், வினாவை உணரும் திறன் ஆகியவை அளக்கப்படும்.

பொருந்தும் இடமும் காலமும்

91.411 விதி, கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளியில் கருவிவழிப் பறத்தல் விதிகளின்படி பறப்போருக்கே உரியது. கண்பார்வைவழிப் பறத்தலுக்கு அது பொருந்தாது. 91.413 விதியோ டிரான்ஸ்பாண்டரைப் பயன்படுத்தும் அனைவருக்கும் உரியது.

காலம் மாதக் கணக்கில் எண்ணப்படும். 2024 மார்ச்சு 5 அன்று செய்த சோதனை 2026 மார்ச்சு 31 வரை செல்லும். ஆனால் பழுதுபார்க்கும்போது நிலையழுத்தக் குழாய் கழற்றி மாட்டப்பட்டால், கருவிவழிப் பறக்குமுன் அத்தொகுதியை மீண்டும் சோதிக்க வேண்டும். மேலும், உயரமானி எந்த உயரம் வரை சோதிக்கப்பட்டதோ அதற்கு மேல் இவ்விதியின் கீழ் பறக்க இயலாது.

உடற்பகுதிப் பணிக்குச் சான்று பெற்ற இயந்திரப் பணியாளர் நிலையழுத்தக் குழாய்த் தொகுதியை மட்டும் சோதிக்கலாம். உயரமானியையும் டிரான்ஸ்பாண்டரையும் சோதிக்க, உரிய கருவிகள் கொண்ட சான்று பெற்ற பழுதுபார்ப்பு நிலையத்தையே பொதுவாக நாட வேண்டும்.

செரிட்டோசு விபத்து

1986 ஆகத்து 31 அன்று கலிபோர்னியாவின் செரிட்டோசு நகருக்கு மேலே ஏரோமெக்சிகோ நிறுவனத்தின் டிசி-9 வானூர்தியும் ஒரு பைப்பர் சிறு வானூர்தியும் மோதின. வானூர்திகளில் இருந்த 67 பேரும் தரையில் 15 பேரும் இறந்தனர். பைப்பரின் டிரான்ஸ்பாண்டரில் உயரத்தை அனுப்பும் வசதி இல்லை. இதன் பின்னர், பெரிய வானூர்தி நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வரை உயரத்தை அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமாக்கப்பட்டது. பயணிகள் வானூர்திகளில் மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமானது. அக்கருவி அருகிலுள்ள வானூர்தியின் டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் உயரத்தைக் கொண்டே எச்சரிக்கிறது. அவ்வுயரம் பிழையானால் எச்சரிக்கையும் பிழையாகும்.

2020 சனவரி 1 முதல், டிரான்ஸ்பாண்டர் தேவைப்படும் வான்வெளியின் பெரும்பகுதியில், வானூர்தி தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவியும் கட்டாயமாக உள்ளது. ஆயினும் டிரான்ஸ்பாண்டரும் அதன் சோதனையும் நீக்கப்படவில்லை.