நலமான நாயும் நோயுற்ற மேலறையும்

1977-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு, நாய் இதயத்தில் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் முடிச்சுப் பகுதியை உறையவைத்து, அந்தக் கடத்தலை நிறுத்திக் காட்டியது. அதே ஆண்டில் மனிதர்களுக்கும் உறைய வைக்கும் அறுவை செய்த செய்தி வெளியானது. நாய்க்கும் நோயாளிக்கும் இடையிலான தூரம் அன்று அவ்வளவு குறைவு. மேலறை ஒழுங்கின்றி நடுங்கும் நோயான மேலறைக் குறுநடுக்கத்துக்கு இந்த அவசரம் பொருந்தாது.

விலங்குகள் தெளிவாகப் பதில் சொன்ன கேள்வி ஒன்று உண்டு: உறைந்த திசுவுக்கு என்ன ஆகிறது? அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும் நைட்ரஸ் ஆக்சைடு, உலோக முனையைச் சுமார் −60 பாகை செல்சியஸுக்குக் குளிர்விக்கும். ஆர்கான் இன்னும் கீழே கொண்டுபோகும். தசைச் செல்கள் சாகின்றன, ஆனால் கொல்லாஜன் சட்டகம் நிற்கிறது. எனவே சுவர் கிழிவதில்லை. சில வாரங்கள் கழித்து இதயத்தை எடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இது உறுதிப்படும். அறுவை மேசையில் கடத்தல் நின்றதை மட்டும் நம்ப முடியாது: −30 பாகையை ஒட்டிய குளிரில் செல்கள் மயங்கிக் கிடந்து, பிறகு மீண்டும் துடிக்கும்.

செத்த திசு வடுவாகி மின் அலையைத் தடுக்க வேண்டும்; அந்த வடுவில் சிறு இடைவெளி மிஞ்சினாலும் அலை அதன் வழியே நழுவிவிடும். துடிக்கும் இதயத்தை வெளியிலிருந்து உறையவைக்கையில், உள்ளே ஓடும் வெதுவெதுப்பான இரத்தம் குளிரைத் தின்றுவிட, உட்புறத் தசை பிழைத்துக்கொள்கிறது. இதையும் விலங்குகளே காட்டின.

நோய் நின்றதா என்று கேட்டால்தான் சிக்கல். நலமான நாயின் மேலறையில் குறுநடுக்கத்தைத் தூண்டலாம். பெரும்பாலும் அது தானே அடங்கிவிடும். நடுக்கம் நீடிக்கப் போதிய தசைப்பரப்பு வேண்டும் என்று உடலியலாளர் கேரி 1914-லேயே வாதிட்டார். இதய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸின் செயிண்ட் லூயிஸ் குழு, நாய்களில் ஈரிதழ் வால்வைக் கசியவைத்து மேலறையை விரிவாக்கிப் படித்தது. அந்த உழைப்பின் தொடர்ச்சியாகவே 1987-இல், மேலறையில் வடுக்கோடுகளால் நடுக்கத்தைத் தடுக்கும் ‘மேஸ்’ அறுவை மனிதருக்கு வந்தது. மாஸ்ட்ரிக்ட்டில் அலெஸ்ஸி குழு 1995-இல் வேறு வழி கண்டது: வெள்ளாடுகளின் மேலறையில் நடுக்கத்தை மின்தூண்டலால் திரும்பத் திரும்ப ஏற்படுத்த, அது நிலைத்தே போனது. (குதிரைக்கும் ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் நாய்க்கும் இயல்பாகவே இந்நோய் வரும், சோதனைக்கூடம் அவற்றை ஏன் இவ்வளவு அரிதாக நாடுகிறது என்பது வேறு கதை.)

இத்தனைக்குப் பிறகும் முதுமையும் கொழுப்பும் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன. இளம் விலங்கின் இதயத்தில் வெளிக்கொழுப்பு குறைவு. முதிய நோயாளியிடம் அது தடித்த படலமாக நின்று, குளிரைத் தசைக்கு எட்டவிடாமல் தடுக்கும். ஆகவே இளம் விலங்கில் வடு சுவரை ஊடுருவியது என்ற முடிவைக் உறையவைக்கும் கருவிக்கு அனுமதி தருவதற்கான சான்றாக ஏற்கலாம். நோய் தீரும் என்பதற்குச் சான்றாக வாசிப்பது தவறு. கொழுப்பையும் சேர்த்துச் சோதிக்க வழி உண்டு: அடிலெய்டு ஆய்வாளர்கள், ஊட்டிப் பருமனாக்கிய செம்மறியாடுகளில், இதய வெளிக்கொழுப்பு மேலறைத் தசைக்குள்ளேயே ஊடுருவுவதைக் கண்டனர். புதிய உறைமுனை எதுவானாலும், அதன் முதல் கடினத் தேர்வை அத்தகைய மேலறையில் வைப்பதே நியாயம்.